திரையில் வரும் விடையைச் சோதித்துப் பார்ப்போம்

மின்னோட்டவியல் பாடத்தை நடத்தும்போது கணினியில் மின்சுற்றை அமைத்துக் காட்டுவது நம் பள்ளிகளில் இயல்பாகி வருகிறது. கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபெட் செயல்பாடுகளில் மின்கலம், விளக்கு, சாவி ஆகியவற்றை இழுத்து வைத்தே சுற்றை இணைத்துவிடலாம். மேல்நிலை வகுப்புகளுக்கும் தொழிற்கல்விப் பிரிவுக்கும் எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ், மும்பை ஐஐடியில் உருவான இசிம் போன்ற சிமுலேட்டர்கள் இருக்கின்றன. இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை. இவற்றில் எதைப் பயன்படுத்தலாம் என்று சக ஆசிரியர்கள் கேட்டால், நான் முதலில் ஒரு பெயரைச் சொல்வதில்லை. எதுவானாலும் அதை எப்படிச் சோதிப்பது என்றுதான் சொல்கிறேன். அந்த முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தச் சோதனை எதற்கு? ஒரு மாணவர் தாளில் போட்ட கணக்கும் திரையில் வந்த எண்ணும் வேறுபட்டால், அவர் உடனே அடித்துவிடுவது தன் கணக்கைத்தான். திரையில் இருப்பதும் ஒரு கணக்குதான் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அதைத் தெரியவைப்பது நம் வேலை.

சிமுலேட்டர் உள்ளே என்ன நடக்கிறது?

நாம் வரையும் சுற்றை மென்பொருள் சமன்பாடுகளாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் கிர்க்காஃப் மின்னோட்ட விதியை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கிறது. மின்தடையாக்கிகளும் மின்கலங்களும் மட்டுமே இருந்தால் வேலை எளிது. நாம் பத்தாம் வகுப்பில் கையால் செய்வதையே அது விரைவாகச் செய்துவிடும்.

மின்தேக்கியோ மின்தூண்டியோ வந்துவிட்டால் நேரமும் கணக்குக்குள் வந்துவிடும். அப்போது மென்பொருள் நேரத்தைச் சிறுசிறு படிகளாக வெட்டி, ஒரு படியின் விடையிலிருந்து அடுத்த படியின் விடையைக் கணிக்கும். டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்காது. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு விடையை ஊகித்து, திருத்தி, மீண்டும் திருத்த வேண்டியிருக்கும். இதற்குப் பயன்படுவது நியூட்டன்-ராப்சன் முறை.

இன்றைய பல சிமுலேட்டர்களுக்குத் தாய், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவாகி 1973இல் வெளிவந்த ஸ்பைஸ் என்னும் நிரல். லாரன்ஸ் நேகல் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் இதில் முக்கியமானவர்கள். எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் என்ற பெயர்களின் கடைசியில் ஒட்டியிருப்பது இந்த ஸ்பைஸ்தான்.

படியின் அளவும் விடையின் தரமும்

இதைக் கணினி இல்லாமலே வகுப்பில் செய்து காட்டலாம். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 10 வோல்ட் வரை மின்னேற்றம் பெற்றிருக்கிறது. அது 1 கிலோஓம் மின்தடை வழியாக மின்னிறக்கம் அடைகிறது. நேர மாறிலி 1 வினாடி. 1 வினாடி முடிவில் மின்னழுத்தம் 3.679 வோல்ட் இருக்க வேண்டும் என்பது சூத்திரம் தரும் விடை.

இப்போது படிப்படியாகக் கணிப்போம். ஒரு படியில் குறையும் மின்னழுத்தம், அந்தப் படியின் தொடக்கத்தில் உள்ள மின்னழுத்தத்தைப் படியின் நீளத்தால் பெருக்கி நேர மாறிலியால் வகுத்தால் கிடைக்கும். இது ஆய்லர் முறை.

• படி 0.5 வினாடி: 10, 5, 2.5. இரண்டே படிகள். விடை 2.5 வோல்ட்.
• படி 0.1 வினாடி: பத்துப் படிகள். விடை 3.487 வோல்ட்.
• படி 0.01 வினாடி: நூறு படிகள். விடை 3.660 வோல்ட்.

படியைச் சிறிதாக்கினால் துல்லியம் கூடுகிறது, வேலையும் கூடுகிறது. ‘வேகமா, துல்லியமா?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் இது பாதி உண்மைதான். படியின் தொடக்கத்தில் உள்ள சரிவை மட்டும் எடுக்காமல், தொடக்கம், முடிவு இரண்டிலும் உள்ள சரிவுகளின் சராசரியை எடுப்பது சரிவக முறை. அதே கணக்கை இந்த முறையில் பத்துப் படிகளில் செய்தால் 3.676 வோல்ட் வருகிறது. ஆய்லர் முறையின் நூறு படிகளைவிட இந்தப் பத்துப் படிகள் உண்மைக்கு நெருக்கமானவை. நல்ல முறை அமைந்தால் வேகமும் துல்லியமும் சேர்ந்தே கிடைக்கும். ஸ்பைஸ் வழிவந்த மென்பொருள்களில் இந்தச் சரிவக முறை முக்கிய இடம் பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

மாணவர்கள் மறக்காத பகுதி ஒன்று உண்டு. ஆய்லர் முறையில் படியை 3 வினாடியாக வைத்துப் பாருங்கள். 10 வோல்ட் அடுத்த படியில் –20 ஆகும், அதற்கடுத்த படியில் +40 ஆகும். மின்னிறக்கம் அடைய வேண்டிய மின்தேக்கி மின்னேற்றம் பெற்றுக்கொண்டே போகிறது! இதில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. கணினியும் எந்த எச்சரிக்கையும் தராமல் இதை அழகான வரைபடமாக வரைந்துவிடும்.

நல்ல மென்பொருள்கள் இந்த ஆபத்தைத் தவிர்க்க, வளைவு வேகமாக மாறும் இடத்தில் படியைத் தாமே சுருக்கி, மெதுவாக மாறும் இடத்தில் நீட்டிக்கொள்கின்றன. ஸ்பைஸ் வகை மென்பொருள்களில் அனுமதிக்கப்படும் ஒப்பீட்டுப் பிழை வழக்கமாக 0.001 என வைக்கப்பட்டிருக்கும். இது உள்ளே நடக்கும் கணக்கைக் கட்டுப்படுத்தும் அளவு. கடைசி விடை 0.1 விழுக்காட்டுக்குள் சரியாக இருக்கும் என்ற உறுதிமொழியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறு பிழைகள் படிக்குப் படி சேரக்கூடும்.

நான்கு சோதனைச் சுற்றுகள்

புதிய சிமுலேட்டர் எது வந்தாலும், விடை நமக்கு முன்பே தெரிந்த நான்கு சுற்றுகளை அதில் போட்டுப் பார்க்கிறேன்.

1. மின்தடைத் தொடர்: 9 வோல்ட் மின்கலத்துடன் 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளைத் தொடரிணைப்பில் இணைக்க வேண்டும். விடை 3 வோல்ட், 6 வோல்ட். இதில் தவறினால் பெரும்பாலும் நாம் சுற்றை இணைத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

2. மின்தேக்கி மின்னேற்றம்: மேலே சொன்ன மின்தேக்கியையும் மின்தடையையும் 10 வோல்ட்டுடன் இணைத்தால் 1 வினாடியில் 6.321 வோல்ட் வர வேண்டும். அதிகபட்சப் படியின் அளவைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை மாறாவிட்டால் நிம்மதி. மாறினால் முதல் விடையை நம்ப முடியாது. சூத்திரமே இல்லாத சிக்கலான சுற்றுக்கும் இந்தப் பாதியாக்கும் சோதனை பொருந்தும்.

3. LC அலைவு: 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 100 மில்லிஹென்றி மின்தூண்டியும் சேர்ந்தால் அலைவு நேரம் சுமார் 6.28 மில்லிவினாடி. மின்தடை இல்லாததால் வீச்சு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. நூறு அலைவுகள் ஓட்டி, முதல் உச்சத்தையும் கடைசி உச்சத்தையும் ஒப்பிடுங்கள். வீச்சு வளர்ந்திருந்தால் மென்பொருள் இல்லாத ஆற்றலை உருவாக்குகிறது என்று பொருள். தேய்ந்திருந்தால் ஆற்றலை விழுங்குகிறது. ஆற்றல் அழிவின்மை விதியையே அளவுகோலாக்கும் சோதனை இது.

4. அரை அலை திருத்தி: உச்சம் 1 வோல்ட் உள்ள மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுங்கள். வெளியீட்டு உச்சமும் 1 வோல்ட் என்றால், மென்பொருள் டையோடை வெறும் சாவியாகக் கருதுகிறது. சரியாக 0.3 வோல்ட் என்றால், 0.7 வோல்ட்டை மட்டும் கழிக்கிறது. மின்தடையை மாற்றும்போது விடையும் சற்று மாறினால், டையோடின் உண்மையான சிறப்பு வளைகோட்டைப் பயன்படுத்துகிறது. முதலிரண்டு மாதிரிகளும் தவறானவை அல்ல. எந்த வகுப்புக்கு எது போதும் என்று அறிந்து பயன்படுத்த வேண்டும்.

வேகத்தை அளக்கும்போது

இரண்டு மென்பொருள்களின் வேகத்தை ஒப்பிட வேண்டுமானால் ஒரே கணினி, ஒரே சுற்று, ஒரே நேர அளவு, ஒரே துல்லியம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நான்காவதை மறந்துவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பெரிய படிகளில் தாவி ஓடி முதலில் முடித்ததை வெற்றி என்று சொல்ல முடியாது. முதல் முறை ஓட்டும்போது மென்பொருள் திறக்கும் நேரமும் சேர்ந்துவிடும். எனவே மூன்று முறை ஓட்டி நடுமதிப்பை எடுப்பது நல்லது. வரைபடம் வரைய ஆகும் நேரத்தையும் கணக்கிட ஆகும் நேரத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரே சுற்றில் வேகமான மாற்றமும் மெதுவான மாற்றமும் சேர்ந்திருந்தால் எந்த மென்பொருளும் திணறும். 1 வினாடி நடத்தையை 1 மைக்ரோவினாடிப் படிகளில் பார்க்க வேண்டுமென்றால் பத்து லட்சம் படிகள் தேவை. இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். திரையில் ஓடும் ஒரு வினாடி, சுற்றில் ஓடும் ஒரு வினாடியாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்காக நேரத்தை நீட்டிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு.

மேசையில் உள்ள சுற்று என்ன சொல்கிறது?

கணக்கு சரியாக இருந்தாலும் உண்மைச் சுற்றோடு பொருந்தாமல் போகலாம். தங்க நிற வளையம் உள்ள மின்தடையாக்கியின் மாறுபாடு 5 விழுக்காடு. மின்பகு மின்தேக்கிகளில் 20 விழுக்காடு மாறுபாடு சாதாரணம். அப்படியானால் நாம் 1 வினாடி என்று எழுதும் நேர மாறிலி உண்மையில் 0.76 முதல் 1.26 வினாடி வரை எங்கும் இருக்கலாம். திரையில் ஆறு தசம இடங்கள் தெரிவதால் விடை துல்லியமாகிவிடாது. பதினொன்றாம் வகுப்பில் பிழைகளைப் பற்றி நடத்தும்போது இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வகுப்பில் நான் தவறாமல் செய்யும் செயல்பாடு ஒன்று. 9 வோல்ட் மின்கலத்துடன் 1 மெகாஓம் மின்தடைகள் இரண்டைத் தொடரிணைப்பில் இணைக்கிறோம். திரையில் உள்ள வோல்ட்மீட்டர் ஒன்றின் குறுக்கே 4.5 வோல்ட் காட்டுகிறது. மேசையில் அதே சுற்றை அமைத்து, உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓம் உள்ள சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் 3 வோல்ட் அளவில்தான் காட்டுகிறது. “மீட்டர் கெட்டுப்போச்சா சார்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் பதில் சொல்வதில்லை. மல்டிமீட்டரும் ஒரு மின்தடைதானே, அதையும் திரையில் உள்ள சுற்றில் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன். பக்க இணைப்பில் 1 மெகாஓம் சேர்த்ததும் திரையும் 3 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் கெடவில்லை, சிமுலேட்டரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வியில் மீட்டர் இல்லை, அவ்வளவுதான்.

தொடக்க வகுப்புகளுக்கு

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு வேண்டியது இதன் எளிய வடிவம்தான். மின்கலம், சிறு விளக்கு, கம்பி ஆகியவற்றைக் குழந்தைகள் முதலில் கையில் எடுத்து எரியவிடட்டும். பிறகு திரையில் காட்டுங்கள். “இங்கே இருப்பது எது அங்கே இல்லை?” என்று கேளுங்கள். கம்பி சூடாவதையும், மின்கலம் தீர்ந்துபோவதையும், இணைப்பு தளர்ந்தால் விளக்கு அணைந்து அணைந்து எரிவதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சிமுலேட்டரை மதிப்பிடும் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மேல்நிலை வகுப்பில் இதற்கு ஒரு பழக்கம் போதும். திரையில் ஓட்டுவதற்கு முன், எதிர்பார்க்கும் விடையை ஒவ்வொரு மாணவரும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓட்டிய பிறகு இரண்டும் வேறுபட்டால், எதையும் அடிக்காமல் காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். கணக்கா, படியா, மாதிரியா, பொருளா என்று தேடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மின்சுற்று அவர்களுக்குப் புரிகிறது.