கேசுக்கு அல்ல, எமக்கு

"சேர், நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறியள்?"

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், கரம் பலகையின் எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எம்மிடம் இவ்வாறு கேட்டார். முன்னர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், இப்போது பத்திரிகையில் எழுதுபவர் என்று எம்மை அறிந்த எவரும் கேட்கக்கூடிய இயல்பான கேள்விதான். ஆயினும் எமக்குச் சட்டென விடை வரவில்லை. செய்திகளை வாசிக்கிறோம், அலுவலகக் கடிதங்களை வாசிக்கிறோம், பிறருடைய கேசுகளை வாசிக்கிறோம். புத்தகம் ஒன்றை முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை வாசித்து எத்தனை காலமாயிற்று என எண்ணிப் பார்த்தபோது வெட்கமே மிஞ்சியது.

நாம் நாட்டை விட்டு வெளியேறியது 2011இல். எமது சொந்த அகதி விண்ணப்பத்தை எழுதிய நாள் முதலாகப் பாரிஸ் புறநகரிலுள்ள எமது வீட்டின் சமையலறை மேசை, எழுதுவினைஞர் ஒருவரின் மேசையாகவே மாறிவிட்டது. யாராவது ஒரு தம்பி வருவார். தேநீர் ஆறிப்போகும் வரை பேசமாட்டார். பின்னர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர் சொல்வதை நாம் ஒழுங்குபடுத்தி எழுதிக்கொடுப்போம்.

கேஸ் என்பதற்குத் திகதி வேண்டும்; இடம் வேண்டும்; சான்று வேண்டும். தாய் அழுததை எழுதினால் அது பயன்படாது. தாய் அழுத திகதியே பயன்படும். ஆனால் மனித நினைவு திகதிகளை வைத்துக்கொண்டு வாழ்வதில்லை. பிடித்துச் சென்ற அன்று மழை பெய்ததா, சோற்றுக்கு என்ன கறி என்பனவெல்லாம் நினைவில் இருக்கும். அது பதினோராந் திகதியா, பன்னிரண்டாந் திகதியா என்பது மட்டும் இராது. அந்த ஒரு நாள் வித்தியாசமே ஒருவரின் பேச்சு முழுவதையும் ஐயத்துக்குரியதாக்கிவிடக் கூடும்.

ஆண்டுக்கணக்கில் இவ்வாறு எழுதியதன் விளைவை நாம் தாமதமாகவே உணர்ந்தோம். ஒரு நாவலைக் கையில் எடுத்தாலும் விசாரணை அலுவலரைப் போலவே வாசிக்கத் தொடங்கியிருந்தோம். இது எப்போது நடந்தது? முன்னர் சொன்னதற்கும் இதற்கும் பொருந்துகிறதா? இப்படிக் கேட்டுக் கேட்டு, பத்தாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவோம்.

அன்றிரவு வீடு திரும்பியதும் அலுமாரியில் இருந்து எடுத்த நூல் ஷோபாசக்தியின் 'கொரில்லா'. 2001இல் வெளிவந்த இந்நாவல் 2008இல் ஆங்கிலத்திலும் வந்தது. அல்லைப்பிட்டியிற் பிறந்து, 1993இற் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர் இதன் ஆசிரியர். நாவல் தொடங்குவதே ஓர் அகதி மனுவுடன்தான். எமது மேசையில் நாம் நூறு தடவை எழுதிய அதே தொனி, அதே வறண்ட வரிகள். ஆனால் மனு முடிந்த இடத்தில் நாவல் முடிந்துவிடவில்லை. முரட்டுத் தந்தை ஒருவர், தீவுக் கிராமம் ஒன்று, இயக்கத்துக்குப் போகும் சிறுவன் ஒருவன் என மனுவுக்குள் அடங்காதவை எல்லாம் அதன் பின்னாலே வருகின்றன. இடையிடையே அடிக்குறிப்புகளும் உண்டு. நாவலுக்கு அடிக்குறிப்பு எதற்கு என்று முன்னர் நாம் எண்ணியதுண்டு. இம்முறை வாசித்தபோது, தன் பேச்சை எவரும் நம்பப்போவதில்லை என்று அறிந்த ஒருவரின் பழக்கமாகவே அது எமக்குத் தோன்றியது. மூன்று இரவுகளில் நூலை முடித்தோம். ஒரு திகதியையேனும் சரிபார்க்கவில்லை.

அதே எழுத்தாளர், யேசுதாசன் அன்ரனிதாசன் என்ற தமது இயற்பெயரில் முதன்மை வேடம் ஏற்று நடித்த திரைப்படம் 'தீபன்'. ஜாக் ஒடியார் இயக்கிய இப்படம் 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அப்போது அதைப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை. இவ்வாரம், பதினாறு வயதான எமது மகளுடன் அமர்ந்து பார்த்தோம். ஒருவருக்கொருவர் எவ்வுறவும் இல்லாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு குடும்பமாகப் பிரான்சுக்கு வந்து சேர்கிறார்கள். போதைப்பொருட் கும்பல்கள் ஆளும் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் அந்த மனிதருக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது.

படத்தின் பிற்பகுதி துப்பாக்கிச் சண்டையாக மாறுவது எமக்கு உவப்பாக இல்லை. எமது மக்களின் கதை என்றால் இறுதியில் வெடிச்சத்தம் கேட்டே ஆகவேண்டும் என எவரோ தீர்மானித்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் முற்பகுதி அப்படியன்று. அந்நியர் மூவர் ஒரே மேசையில் உணவருந்தப் பழகும் காட்சிகளில் நாம் அறிந்த வீடுகள் பலவற்றைக் கண்டோம். இன்னொன்றையும் கவனித்தோம். உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். நாம் காதால் கேட்டுக்கொண்டிருக்க, மகள் கீழே ஓடிய பிரெஞ்சு எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்து முந்திக்கொண்டு வருவதால் எமக்கு முன்னரே அவள் சிரித்தாள். எமது மொழியிற் சொல்லப்பட்ட பகிடி, பிற மொழி வழியாக எமது பிள்ளையிடம் எம்மை முந்திச் சென்றது. அது வருத்தமா மகிழ்ச்சியா என்று எம்மாற் பிரித்துச் சொல்ல இயலவில்லை. படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் வந்தபோதும் உங்களிடம் இப்படித்தான் கேள்வி கேட்டார்களா?" பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்படாதிருந்த கேள்வி அது. அன்றிரவு நெடுநேரம் பேசினோம்.

இனி, கேட்பது பற்றி. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எமக்குப் பத்து வயது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். பெரியவர்கள் செய்தியைக் கேட்பார்கள். சுற்றுவது எமது வேலை. கை ஓய்ந்தால் குரலும் ஓயும். லண்டனில் இருந்து ஒலித்த அந்தத் தமிழோசைக்கு அப்பெயரைச் சூட்டியவர் எமது நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுபோனது. செய்தி என்றால் மூச்சு வாங்கியபடி கேட்பது என்ற பழக்கம் மட்டும் எம்மிடம் நின்றுபோகவில்லை. கைத்தொலைபேசியில் நள்ளிரவிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

இம்மாதம் அந்த நேரத்தைத் தவிலுக்குக் கொடுத்திருக்கிறோம். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி 1933இற் பிறந்து 1975இல் மறைந்தவர். நாம் பிறக்குமுன்னரே போய்விட்டவர். அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படமும் உண்டு. பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சல் அதிகம். ஆயினும் கூடு மாட்டிய வலக்கை விரல்களும் இடக்கைத் தடியும் வெவ்வேறு கணக்குகளைத் தனித்தனியே நடத்திச் சென்று, நாம் எதிர்பாராத இடத்தில் ஒன்றாக வந்து விழும்போது, கேட்பவரின் உடல் தானே நிமிர்கிறது. இதை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஞாயிறுகளில் விளையாடுவது கரம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பை விழுத்தினால் மட்டும் போதாது. அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் விழுத்தவேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்கே வந்துவிடும். எம்மிடம் கேள்வி கேட்ட அந்த இளைஞரின் விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, இப்போது மேன்முறையீட்டில் இருக்கிறது. விடுதியில் அவர் அதிகம் பேசுவதில்லை என்கிறார்கள். பலகையின் முன்னாலோ பேச்சும் சிரிப்புமாக இருப்பார். காயை அடிக்கும்போது எவரும் அவரிடம் திகதி கேட்பதில்லை.

சென்ற ஞாயிறு அவருக்கு 'நூலகம்' இணையத்தளத்தைக் காட்டினோம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்க்கும் முயற்சியாக 2005இற் தொடங்கப்பட்டது அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி தேடியது இலக்கியம் அன்று. தமது பாடசாலையின் பெயரை. பழைய மலர் ஒன்று அகப்பட்டது. மங்கிய படமொன்றில் தமது அதிபரைக் கண்டுகொண்டார். திரையை விரலாற் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமது பழக்கம் எம்மை விடுமா? "தம்பி, இதை அச்சடித்து வழக்கறிஞரிடம் கொடும். ஊரை உறுதிப்படுத்த உதவும்" என்றோம்.

அவர் தலையை அசைத்தார். "கேசுக்கு வேண்டாம் சேர். இது எனக்கு."

நாம் மேலும் வற்புறுத்தவில்லை. அவரது வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. அதற்கு வேண்டிய கடதாசிகளை வேறு வகையிற் சேர்த்துவிட்டோம். 'கொரில்லா' இப்போது அவரிடம் இருக்கிறது. விசாரணைக்கு முன் வாசித்து முடித்துவிடுவேன் என்றிருக்கிறார். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

வாசகர்களே, உங்களில் யாரையேனும் எவரேனும் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? விடுதி அறையிலோ, இரவு வேலை முடிந்து திரும்பும் ரயிலிலோ நீங்கள் வாசிப்பதையும் கேட்பதையும் எமக்கு எழுதி அனுப்புங்கள். சான்றுகள் எதுவும் இணைக்க வேண்டியதில்லை.