ஐப்பசியிலும் காயும் களம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் காவிரி டெல்டாவில் பள்ளி மைதானமெல்லாம் நாற்றங்கால்தான். வண்டல் மண்ணின் குணம் அது. குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. கோ-கோ கம்பத்தைச் சுற்றிக் கணுக்கால் சேறு. கபடிக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு போன இடம் தெரியாது. மழை நின்று மூன்று நாள் ஆனாலும் உள்ளே கால் வைத்தால் செருப்பு மட்டும் அங்கேயே நின்றுவிடும்.

சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுத் தளம் உள்ள பள்ளியில் கதை வேறு. மாலை மணி அடித்ததும் நாலைந்து பெண்கள் கட்டைத் துடைப்பத்தோடு வந்து, தேங்கிய நீரை ஓரத்து வாய்க்காலுக்குத் தள்ளுவார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒருத்தி பந்தைத் தட்டிப் பார்ப்பாள். முதலில் 'பொத், பொத்' என்று ஈரத்தில் செத்த சத்தம் வரும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், அரை மணியில் அது 'டங், டங்' என்று மாறிவிடும். சத்தம் மாறினால் தளம் காய்ந்துவிட்டது என்று பொருள். பைகள் சுவரோரம் போகும். ஆட்டம் ஆரம்பம்.

பாஸ்கெட்பால் மைதானத்தின் சர்வதேச அளவு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் முப்பத்தோரு குழி. ஒரு மா நிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முழு அளவுக் கால்பந்துத் திடலுக்கு ஐந்து மாவுக்கு மேல் வேண்டும். பக்கத்திலேயே மூன்று போகம் விளைந்த நிலம் இருக்கும் ஊரில், பள்ளிக்கூடத்துக்காக ஐந்து மாவை யார் விட்டுக் கொடுப்பார்கள்? பாஸ்கெட்பால் கேட்பது கொஞ்சம் இடம், இரண்டு கம்பம், பத்தடி உயரத்தில் இரண்டு ரிங். அதோடு, இந்தக் களம் சுற்றுச்சுவருக்கு உள்ளே அடங்கிவிடுகிறது. 'வயசுக்கு வந்த புள்ள ரோட்டோர கிரவுண்டுல குதிக்கிறதா?' என்று முகம் சுளிக்கும் தாத்தாகூட, பள்ளிக் கேட்டுக்குள் நடக்கும் ஆட்டத்துக்கு அவ்வளவாகத் தடை சொல்வதில்லை. இப்படி, இந்த ஆட்டத்தை டெல்டாவுக்குப் பொருத்தமாக்குவதில் பாதிப் பங்கு மண்ணுக்கு, மீதி மனிதர்களின் மனசுக்கு.

நெல் அடித்துத் தூற்றும் இடத்துக்கும் விளையாடும் இடத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: களம். தை மாதத்தில் சம்பா அறுப்பு மும்முரமாகும்போது, காலியாகக் கிடக்கும் சிமெண்டுத் தரை எதைப் பார்த்தாலும் டெல்டாக்காரருக்கு நெல் காயப்போடத் தோன்றும். தார் ரோட்டையே விட்டுவைக்காத நாம் பந்துத் தளத்தை மட்டும் விடுவோமா?

பெண்ணும் பந்தும் என்பது நமக்குப் புதிய சேர்க்கை இல்லை. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துக வரி என்றே ஒரு பகுதி உண்டு. கந்துகம் என்றால் பந்து. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தலைமுறை குறைவு. ஆக, கவிதையில் பந்தடிக்கலாம், மேடையில் பந்தடிக்கலாம். எட்டாம் வகுப்புத் தாண்டிய பெண் மைதானத்தில் பந்தடித்தால் மட்டும் ஊருக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவிலும் அன்றைக்கு இதே கதைதான். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் அடித்து இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். பனி கெடுத்த மைதானத்துக்கு மாற்றாகப் பிறந்த ஆட்டம், மழை கெடுத்த மைதானத்துக்கும் ஒத்துவருவதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதே மாநிலத்தில் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் களைத்துவிடுவார்களாம், ஆகவே மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்காரி அடுத்த பகுதிக்குள் போகக்கூடாது, பந்தைப் பறிக்கக்கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக்கூடாது என்று விதி வைத்தார். 1893 மார்ச்சில் நடந்த முதல் போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது. ஒலிம்பிக்கில் பெண்கள் பாஸ்கெட்பால் நுழைய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோழ நாட்டுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை, அமெரிக்காவின் சோள நாட்டில் இருக்கிறது. ஐயோவா மாநிலம், கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அங்கே 1920-லேயே பள்ளிப் பெண்களுக்கு மாநிலப் போட்டி தொடங்கிவிட்டது. ஐந்து வருடம் கழித்து, பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் கைகழுவப் பார்த்தது. பெரிய நகரத்துப் பள்ளிகள் தலையாட்டின. கிராமத்துப் பள்ளி நிர்வாகிகள் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து வெளியே வந்து, பெண்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார்கள். பக்கத்துக்கு ஆறு பேர்; மூவர் ஒரு பாதியில் பந்து போடுவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள்; நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பெரன்சன் காலத்து விதியின் மிச்சம்தான். ஆனாலும் ஊரே திரண்டு வந்தது. 1968 இறுதிப் போட்டியில் சில நூறு பேர் வாழும் ஊர்களின் பள்ளிகள் மோதின. யூனியன்-விட்டன் அணி எவர்லி அணியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. வென்ற அணியின் டெனிஸ் லாங் எடுத்தது 64 புள்ளி, தோற்ற அணியின் ஜெனட் ஓல்சன் எடுத்தது 76. அடுத்த ஆண்டு லாங்கை ஆண்கள் தொழில்முறை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் தன் பட்டியலில் சேர்த்தது. லீக் நிர்வாகம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது வேறு விஷயம். 1993 வரை ஐயோவாவில் ஆறு பேர் ஆட்டம் நடந்தது. கிராமம் என்றால் பெண்களை வீட்டில் பூட்டிவைக்கும் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை இரண்டு முறை படிக்கலாம்.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்தது ஒய்.எம்.சி.ஏ. வழியாக. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் விசிலும் கையுமாக ஊர் ஊராகப் போனார்கள். பின்னாளில் சிறு நகரங்கள் இதைத் தத்தெடுத்துக்கொண்டன. அமராவதிக் கரையிலுள்ள கரூரில் நடக்கும் அகில இந்தியப் போட்டியும், தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் கோடைக்கால இரவுகளில் விளக்கொளியில் நடக்கும் போட்டியும் மாநிலம் முழுக்கப் பெயர் பெற்றவை. கரூரில் பெண்களுக்கும் தனிக் கோப்பை உண்டு. டெல்டாவுக்குள் மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. மன்னார்குடி பக்கத்து வடுவூர் கபடிக்குப் பேர்போன ஊர். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அந்த ஊர்ப் பையன் அபினேஷ் இருந்தார். விளையாட்டு டெல்டாவுக்கு அந்நியம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதில் பெண்ணின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பள்ளி விளையாட்டின் படிக்கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். தடகளம் குடியரசு தினப் போட்டி, குழு ஆட்டங்கள் பாரதியார் தினப் போட்டி. பெண்களை நிமிர்ந்து நடக்கச் சொன்ன கவிஞனின் பெயரில் நடப்பதாலோ என்னவோ, குறுவட்டப் போட்டி நாளில் பெண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். பி.டி. டீச்சர் கையில் வயதுச் சான்று அடங்கிய பைல், ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். பல அணிகளில் ஷூ எல்லோருக்கும் இருக்காது. வெளியே உட்காரும் பெண் உள்ளே போகும்போது, உள்ளிருந்து வருகிறவள் ஷூவைக் கழற்றிக் கொடுப்பாள். ஏழாம் நம்பர் கால், ஐந்தாம் நம்பர் ஷூ. ரெஃப்ரி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நாடா கட்டும் அந்த அரை நிமிடம் எதிரணிக்கும் மூச்சு வாங்க உதவும் என்பதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

இதே படிக்கட்டில் ஏறியவர்களுக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சென்னையின் அனிதா பால்துரை சாட்சி. 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவி. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள். நடுவில் குழந்தை பெற்று, மறுபடியும் களத்துக்கு வந்து இந்தியாவுக்கு ஆடினார். தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ. டெல்டா வீடுகளில் விருதைவிட அந்த வேலைதான் காதில் விழும். 'ரயில்வேல எடுப்பாங்களாம்' என்ற ஒரு வரிக்கு இருக்கும் பலம், உடல்நலம் பற்றிய ஒன்பது வரிக்கு இல்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதும் பெற்றோரை இளக்கும் செய்தி.

ஆனால் எல்லோரும் அனிதா ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களிடம் திரட்டிய விவரங்களை 2019-ல் வெளியிட்டது. 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை; பையன்களில் 78. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். நாலு நாள் ஓடி ஆடினால், மூச்சு வாங்குவதை வைத்தே எந்தப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்பதைச் சொல்லிவிடும் பி.டி. டீச்சர்கள் இருக்கிறார்கள். எந்தப் பரிசோதனைக் கூடமும் அவ்வளவு மலிவில்லை.

தடைகள் என்று பார்த்தால், ஊர் வாயைவிடப் பெரியவை சின்னச் சின்ன விஷயங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் 'கடன்' வாங்குவார்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்தாம் வகுப்பு வந்தால் அணியில் பாதி காலி. சம்பா நடவு நடக்கும் வாரங்களில் அம்மா விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவாள். சாயங்காலம் தம்பியைப் பார்ப்பதும் உலை வைப்பதும் மகள் பொறுப்பு. நடவுக் கூலி வரும் நாளெல்லாம் பிராக்டீசில் ஆள் குறையும். மாத விலக்கு நாட்களில் வராமல் இருந்தவர்கள், 2011-12-ல் வந்த புதுயுகம் திட்டத்தின் நாப்கினால் இப்போது கொஞ்சம் தைரியமாக வருகிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வந்தால் இன்னும் வருவார்கள். அரை டிராயர் சர்ச்சையை டிராக் பேண்ட் தீர்த்துவைத்துவிட்டது.

பிறகு பஸ். மாணவிகளுக்கு இலவச பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் எல்லோருக்குமே கட்டணம் கிடையாது. ஆனால் ஐந்தேகாலுக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஏழரைக்குத்தான் என்றால் இலவசத்தால் என்ன பயன்? ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் இரண்டு பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் நாலுக்கு நாலாக, பிறகு மூன்றுக்கு மூன்றாகச் சுருங்கும். மூன்று பேர் ஆட்டம் இப்போது ஒலிம்பிக்கிலேயே இருப்பது தற்செயல் ஆறுதல். 2013-ல் தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் வென்றதும் இந்த மூன்று பேர் ஆட்டத்தில்தான். அரசு விலையில்லா சைக்கிள் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். எட்டாம் வகுப்பிலேயே கொடுத்தால் பஸ்ஸுக்காக ஓடும் கால்கள் பந்துக்காக ஓடும். பக்கத்துப் புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியதை அந்த மாவட்டம் மறக்கவில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பெண்கள் ஆட வேண்டியது 6-ம் எண் பந்து. ஆண்களின் 7-ம் எண் பந்தைவிடச் சுற்றளவில் ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. பல பள்ளிகளில் இருப்பது பையன்களுக்கு வாங்கி, அவர்கள் ஆடித் தீர்த்து, மொழுமொழுவென்று தேய்ந்த 7-ம் எண் பந்து. அதில் பழகிய பெண், போட்டி நாளில் சரியான பந்தைத் தொட்டதும் கை தடுமாறி ரிங்குக்கு மேலே வீசிவிடுகிறாள். 'பயந்துட்டா' என்கிறார்கள். பயமெல்லாம் இல்லை, பந்து வேறு.

டெல்டாவிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் சென்னைக்கும் போன முன்னாள் மாணவர்கள் சொந்தப் பள்ளிக்குச் செய்ய நினைப்பவர்கள். அதற்கென்றே 2022-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் வந்துவிட்டது. பெயர் பொறித்த நுழைவு வளைவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், பி.டி. டீச்சரை ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்: பொம்பளைப் பிள்ளைகளுக்கு 6-ம் எண் பந்து எத்தனை இருக்கிறது?