சங்கு ஊதாத நாள்

ஓவேலியின் லயன் வீடுகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துக் கிறிஸ்மஸைப் பற்றிக் கேளுங்கள். கேக்குக்கும் நட்சத்திரத்துக்கும் முன்னால், அன்றைக்கு வேலைச் சங்கு ஊதாது என்பதைத்தான் சொல்வார்கள். அதிகாலை ஆராதனை முடிந்து வீடு திரும்பினால், அதற்குமேல் மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

ஓவேலிக்குத் தோட்டம் வந்ததும் வெளியிலிருந்து ஆள் வந்ததும் வேலைக்காகத்தான். 1840-களில் நீலகிரியை அளந்த அக்டர்லோனியின் பெயரைத் தாங்கிக் காப்பித் தோட்டமான பள்ளத்தாக்கு இது. 1873-ல் நீலகிரியோடு சேர்ந்தது, பிறகு தேயிலை பரவியது. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இலங்கை மலையகத்திலிருந்து கூடலூர் வட்டாரத்துக்கு வந்து இறங்கிய குடும்பங்களும் கொழுந்துச் செடிகளுக்கு நடுவில்தான் பிழைப்பைத் தொடங்கின.

அன்றைய ஓய்வைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெண்களுக்குத் துணி வெளுக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று எழுதியது. 20 நாள் வேலைக்கு ஒருநாள் சம்பளத்துடன் விடுப்பு என்றும் எழுதியது. கூடவே, தொழிலாளி விரும்பினால் ஓய்வு நாளிலும் வேலை செய்யலாம், ஆனால் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் கூடாது என்றது. மளிகைக் கடைக் கணக்கு தலைக்கு மேல் நிற்கும்போது எந்தத் தாய்க்கு விருப்பம் வராது? அப்படிப் போன ஞாயிறுகள் எத்தனையோ. ஆனாலும் அன்று ஒரு நன்மை இருந்தது. ஓய்வு வந்தால் லயன் முழுவதற்கும் ஒன்றாக வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு கேரல் பாடி நடந்து வந்தவர்களுக்குக் கட்டன்சாயா கிடைத்தது. பண்டிகை மதியம், சாப்பிட்ட கையோடு எல்லாரும் வாசலில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்பதே அந்த மதியத்தின் சுகம்.

இன்று டிசம்பர் பிறந்ததுமே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. கேரல் ஜீப்பில் ஸ்பீக்கரோடு போகிறது. யானைப் பயத்தால் இருட்டுவதற்குள் சுற்றி முடிக்க வேண்டிய அவசரம் வேறு. ஓய்வுநாள் பாடசாலை விழா, வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியச் சங்கத்து நிகழ்ச்சி, வீடு சந்திப்பு, 31-ம் தேதி இரவு ஆராதனை. ஒவ்வொன்றும் நல்லதுதான். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் தோளில் விழுவதுதான் கொடுமை. அவள் பகலில் இலை பறிக்கிறாள். விரல் இடுக்கில் ஏறிய தேயிலைக் கறை சோப்புக்கும் எலுமிச்சைக்கும் அசையாது. 24-ம் தேதி ராத்திரி அந்தக் கையோடு அச்சுமுறுக்கு மாவு கரைத்து, அச்சைக் காயும் எண்ணெயில் முக்கி எடுத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதறிக்கொண்டிருக்கிறாள். நான்கு மணிக்கு ஆராதனை. இயேசு வந்த வீட்டில் வேலையிலேயே வருந்திய மார்த்தாளைக் கண்டிக்கும் பிரசங்கத்தைப் பெண்களுக்குச் செய்தது போதும். அடுப்படிக்குப் போகாத ஆண்களுக்கு அதை ஒருமுறை செய்ய வேண்டும்.

பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சிலருக்கு ஊட்டி ஹோட்டல்களில் வேலை. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கூடலூர் வழியாக வண்டிகள் வரிசையாக மலையேறுகிற வாரம் அது. ஹோட்டலில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. ஊரார் ஓய்வெடுக்க வருகிற அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டே அப்படி ஒரு பையனின் கிறிஸ்மஸ் கழிகிறது.

வேதம் ஓய்வைப் பற்றிப் பேசும்போது முதலாளியோடு நிற்பதில்லை. உபாகமம் 5-ம் அதிகாரம் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும் கழுதையையும் பேர்பேராகச் சேர்க்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாயே என்று காரணமும் சொல்கிறது. மாற்கு 6-ம் அதிகாரத்தில், வருகிறவர்களும் போகிறவர்களுமாகச் சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை இயேசு தனிமையான இடத்துக்கு இளைப்பாறக் கூட்டிப்போகிறார். ஊழியத்தின் நடுவில், அதுவும் நல்ல ஊழியத்தின் நடுவில், அவர் அப்படிச் செய்தார். கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையைப் பாருங்கள். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை வண்டி ஓடக்கூடாது என்று 2009-லிருந்து தடை இருக்கிறது. காட்டு மிருகத்துக்கு ராத்திரியை ஒதுக்க நம்மால் முடிந்திருக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு ஒரு பகலை ஒதுக்கச் சபையால் முடியாதா?

சபைக் கமிட்டியாருக்கு இது என் வேண்டுகோள். இந்த டிசம்பரில் இரண்டு கூட்டங்களைக் குறையுங்கள். 26-ம் தேதியில் எதையும் வைக்காதீர்கள். 25-ம் தேதி மதியச் சமையலை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஹோட்டலில் ஷிப்டு பார்க்கிற பிள்ளை ஜனவரியில் என்றைக்கு வீட்டுக்கு வருகிறானோ, அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் ஜெபித்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள்.