பனையடியில் நின்ற சட்டம்

மதுவிலக்குச் சட்டம் எந்த நாட்டில் பிறந்தாலும், யாருடைய பானம் குற்றமாக்கப்படுகிறது, யாருக்கு அனுமதிச்சீட்டு கிடைக்கிறது, கருவூலம் இழந்த பணத்தை யார் ஈடுகட்டுகிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கு அது தரும் விடைகளில்தான் அந்தச் சமூகத்தின் உட்பிணக்குகள் வெளிப்படுகின்றன. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் நீக்கப்பட்ட மதுவிலக்கும், சென்னை மாகாணத்தில் 1937-இல் தொடங்கிய மதுவிலக்கும் ஏறத்தாழ ஒரே தலைமுறையின் முயற்சிகள் என்பதால், ஒன்றை அருகே வைத்துப் பார்க்கும்போது மற்றொன்று தெளிவாகப் புரிகிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கைக் கோரியவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களிலும் பண்ணைப் பகுதிகளிலும் வாழ்ந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய சினத்துக்கு இலக்கான மதுக்கூடங்களோ, ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்து நகரங்களில் குடியேறிய தொழிலாளர்கள் வேலை முடிந்து கூடும் இடங்களாக இருந்தன. முதல் உலகப் போரின்போது பீர் ஆலைகளின் உரிமையாளர்களுள் பலர் ஜெர்மானிய வழியினர் என்பதே அப்பானத்தைத் தேசத்துரோகத்தின் அடையாளமாகக் காட்டப் போதுமானதாயிற்று. ஆயினும், குடிகாரக் கணவர்களால் அல்லலுற்ற பெண்கள் 1874-இல் தொடங்கிய கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் கோரிக்கையில் உண்மையான வேதனை இருந்தது. அந்த வேதனையும் அந்நியர்மீதான வெறுப்பும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றாகக் கலந்ததே அமெரிக்க மதுவிலக்கின் துயரமாகும்.

சென்னை மாகாணத்தில் பிளவுக்கோடு வேறு இடத்தில் ஓடியது. 1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின்படி, அதாவது கள், சாராயம் ஆகியவற்றின் மீதான அரசு வரியை ஒழுங்குபடுத்திய சட்டத்தின்படி, கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி செலுத்தவேண்டும். கடைகளோ ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் போட்ட முதலைத் திரும்ப எடுக்க விற்பனையைப் பெருக்கவேண்டியிருந்ததால், ஏழையின் குடியிலிருந்து மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. கள்ளுக்கடை மறியல் ஆங்கில ஆட்சிக்கு எதிரான போராட்டமாக மாறியதற்கு இந்த வருவாயே முதற்காரணம். 1921-இல் ஈ.வெ.ராமசாமி தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், அவருடைய மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் ஈரோட்டு மறியலில் முன்னின்றதும் அந்தக் காலத்தின் நிகழ்வுகள். பின்னாளில் அதே ஈ.வெ.ரா. மதுவிலக்குக் கொள்கையையே எதிர்த்தார் என்பது, இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டுகிறது.

திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 1929-இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழை நடத்திய இராஜாஜி, 1937 ஜூலையில் மாகாணத்தின் முதலமைச்சரானவுடன் அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களும் சேர்ந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய வரி இதுவே முதலாவது. அமெரிக்கர்கள் 1913-இல் வருமான வரியை உறுதிசெய்துகொண்ட பிறகே மதுவரியைத் துறக்கத் துணிந்தார்கள். சென்னையிலோ மதுவிலக்கு முன்னே வர, வரி பின்னே வந்தது. அதுவும் வருமானத்தின் மீது விதிக்கப்படாமல் பொருள்களின் விற்பனைமீது விதிக்கப்பட்டதால், குடிக்காத குடும்பமும் கடையில் வாங்கிய பொருளோடு அதன் சுமையை ஏற்கவேண்டியதாயிற்று.

சட்டம் பண்பாட்டோடு நேருக்குநேர் மோதிய இடம் பனைமரத்தின் உச்சி. பாளையைச் சீவி, அதில் கலயத்தைக் கட்டி, நாள்தோறும் ஏறியிறங்கிச் சாறு சேர்க்கும் தொழிலாளியின் கலயத்தில் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் அச்சாறு புளிக்காமல் பதநீராகிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற, சில மணி நேரத்திலேயே அது கள்ளாகிவிடுகிறது. ஆகவே ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பு என்றிருந்தும், பதநீருக்கும் கள்ளுக்குமிடையே சட்டம் கண்ட வேறுபாடு ஒரு பூச்சுச் சுண்ணாம்பில் அடங்கியிருந்தது. அந்தப் பூச்சு போதுமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் மரத்தடியில் நின்ற காவலரிடம் சென்றது.

செம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் போன்ற இன்றைய புறநகர்கள் ஏரிப்பாசனக் கிராமங்களாக இருந்த அக்காலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்திலும் சென்னையைச் சுற்றிலும் மரமேறும் தொழிலைப் பெரும்பாலும் கிராமணி சமூகத்தினர் செய்துவந்தனர். அச்சமூகத்தில் பிறந்த ம.பொ.சிவஞானம் காங்கிரஸ் தொண்டராக நின்று மதுவிலக்கை ஆதரித்தபோது, தம்மவர்களுடைய எதிர்ப்பையே முதலில் சந்திக்க நேர்ந்தது. சிற்றூர்த் தெய்வங்களுக்குப் படையலாகவும், வயல்வேலையின் களைப்பு நீக்கும் பானமாகவும் கள் இருந்த மக்களுக்கு, அதைத் தீட்டாகக் கருதிய மேல்சாதி ஒழுக்கமே சட்டத்தின் உருவில் வந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை. அயல்நாட்டு மதுவை நாடியவர்களுக்கு அனுமதிச்சீட்டு என்னும் வழி திறந்திருந்தமை அந்த மனக்குறையை மேலும் வளர்த்தது.

ஆனால் மரமேறியின் இழப்பை மட்டும் பேசுவது, அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கூலிப்பணம் முழுவதும் கடையில் கரைந்ததால் பட்டினி கிடந்த பெண்ணுக்கு இழைக்கும் அநீதியாகும். மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிறைவுற்ற 1948 அக்டோபர் 2 முதல், அது தளர்த்தப்பட்ட 1971 ஆகஸ்ட் வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள் தெருவில் மதுக்கடையைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அக்காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டது உண்மையே. எனினும், கூலிக்காரர் வீடு திரும்பும் வழியில் அரசு உரிமம் பெற்ற கடை இல்லாமலிருந்தது அப்பெண்களுக்குச் சிறிய பேறன்று.

பின்னர் நிகழ்ந்தவை வேகமானவை. 1974-இல் மீண்டும் மதுவிலக்கு, 1981-இல் மீண்டும் தளர்வு, 1983-இல் டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 1987 ஜனவரியில் கள், சாராயக் கடைகளுக்கு மூடுவிழா, 2003-இல் சில்லறை விற்பனையிலும் டாஸ்மாக்கின் தனியுரிமை என்று வரலாறு சென்றது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற ஆணையிட்டபின் பல கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம் தேட, தமிழகமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கி அவற்றைத் தடுத்தார்கள். நாகம்மையாரின் மறியலை அவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தொடரவேண்டியிருந்தது.

இதற்கிடையே 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சி நிகழ்வில் மட்டும் இறந்தவர்கள் 60-க்கும் மேற்பட்டோர். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சு ஆல்கஹால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழித்து, உயிரையும் பறிக்கிறது. 1920-களின் அமெரிக்காவில் தொழிற்சாலை ஆல்கஹாலை அருந்தி மாண்ட ஏழைகளின் உடலிலும் இதே வேதிமாற்றமே நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சியில் இறந்தவர்கள் வாழ்ந்த மாநிலத்தில் அரசு மதுக்கடைகள் ஆயிரக்கணக்கில் திறந்தேயிருந்தன. அன்றாடக் கூலிக்கு அந்தக் கடையின் விலை எட்டாததால் அவர்கள் மலிவான பாக்கெட்டைத் தேடிச் சென்றார்கள்.

அமெரிக்கா தன் சட்டத்தை 1933-இல் வெளிப்படையாக நீக்கியது. தமிழகத்திலோ, இராஜாஜி அமைச்சரவை இயற்றிய 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக்குக்கு விற்பனை உரிமையை அளிப்பதும், சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் குற்றமாக்குவதும் அதே சட்டம்தான். கேரளத்திலும் புதுச்சேரியிலும் உரிமத்தோடு கள் இறக்கலாம் என்பதைச் சுட்டிக்காட்டி, கள்ளுக்கான தடையை நீக்கக் கோரும் விவசாயிகளும், கடைகளை மூடக் கோரும் பெண்களும் ஒருவருக்கொருவர் எதிரிகளாகச் சித்திரிக்கப்படுகிறார்கள். இரு தரப்பினரையும் ஒன்றாக அமர்த்தி, கடை ஏலக்காலம் முதல் இன்றுவரை அரசின் கருவூலம் மதுவிலிருந்து எவ்வளவு பெற்றது, அதில் எவ்வளவு அவர்களுடைய ஊர்களுக்குத் திரும்பியது என்னும் கணக்கை அவர்கள்முன் வைக்கவேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது.