அழைப்பிதழ் போதாது, ஆசனம் வேண்டும்!

அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே இன்று ஒரு நல்ல வழக்கத்தைக் காண்கிறோம். நகரசபை அலுவலர்கள் ஸ்பானிய மொழியிலே துண்டறிக்கை அச்சிட்டுக்கொண்டு, லத்தீனோ மக்கள் வாழும் தெருக்களுக்குச் செல்கிறார்கள். "தொழிற்பயிற்சி இருக்கிறது, சேருங்கள், சிறு கடை வைக்கக் கடனுதவி உண்டு, மனுப் போடுங்கள், நகரசபையிலே வேலை காலியிருக்கிறது, வாருங்கள்" என்று அழைக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட மக்களைத்தான் லத்தீனோ என்கிறார்கள்.

"ஆகா! என்ன பெருந்தன்மை! தேடிச் சென்றல்லவா உதவுகிறார்கள்!" என்று வியப்போர் உண்டு. வியக்கட்டும். ஆனால், அந்தக் கதவு தானாகத் திறந்ததா, தட்டியதால் திறந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? கேட்போம். பதில் சொல்ல ஓர் ஊர் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்திலே உள்ள சான் அன்டோனியோ என்னும் பெருநகரம் அது.

வந்தேறிகளா இவர்கள்?

1718இல் ஸ்பானியர் நிறுவிய ஊர் சான் அன்டோனியோ. பிறகு மெக்சிகோ நாட்டு ஊர். 1836இல் டெக்சாஸ் தனி நாடாயிற்று. 1845இல் அமெரிக்க ஐக்கிய நாட்டோடு இணைந்தது. அங்கிருந்த பழங்குடும்பங்கள் வீடு மாறவில்லை. அவர்கள் தலைக்கு மேலே கொடிதான் மாறிற்று!

டெக்சாஸ் விடுதலைக்காகவே வாளேந்திய ஹுவான் செகீன், அந்த ஊரின் மேயராக இருந்தார். 1842இல் அவர் பதவியை விட்டு வெளியேறும்படி ஆயிற்று. அதன் பிறகு மெக்சிகோ வழிவந்த இன்னொருவர் அந்நகரின் மேயராக எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார் தெரியுமா? 1981இல்! இடையிலே உருண்டோடிய ஆண்டுகள் 139. பேரன் பிறந்து, பேரனுக்குப் பேரன் பிறந்து, அவனும் பெரியவனாகும் காலம்.

அந்தக் காலமெல்லாம் அம்மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உழைத்துக்கொண்டிருந்தார்கள். நகரின் மேற்குப் பகுதியிலே, குடிசைகளிலே, காற்றும் வெளிச்சமும் புகாத கொட்டகைகளிலே, 'பெக்கான்' என்னும் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தார்கள். வாரம் முழுதும் உடைத்தால் கூலி இரண்டு டாலர், மூன்று டாலர். அந்தக் கூலியிலும் கை வைத்தார்கள் முதலாளிமார்கள். 1938 ஜனவரியிலே ஏறத்தாழ 12,000 பேர், பெரும்பாலோர் பெண்கள், வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். முன்னின்று முழங்கியவர் எம்மா டெனயூகா என்னும் 21 வயதுப் பெண். கண்ணீர்ப்புகை வீசினார்கள், நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலே தள்ளினார்கள். அன்றைய தினம் நகர ஆட்சி மேற்குப் பகுதியை 'நாடிச் சென்றது' அந்த வகையிலேதான்!

பள்ளிக்கூடமோ? 1918இல் டெக்சாஸ் ஒரு சட்டம் செய்தது, பாடம் ஆங்கிலத்திலேதான் நடத்தவேண்டும் என்று. பள்ளி வெளியிலே தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். வாக்குச் சாவடியோ? தலைவரி கட்டிய ரசீது கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கொட்டை உடைப்பவன் சோற்றுக்குப் பணம் தருவானா, சீட்டுக்குத் தருவானா? மாநிலத் தேர்தல்களில் அந்த வரி ஒழிந்தது 1966இல்தான்.

ஊர் முழுதும் ஒரே தொகுதி

வரி ஒழிந்தது, வழி திறந்ததா? இல்லை. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

நம் ஊரிலே வார்டுக்கு ஒரு கவுன்சிலர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுத் திண்ணைக்குப் போகவேண்டும் என்று தெருவிலே விளையாடும் சிறுவனுக்கும் தெரியும். அன்றைய சான் அன்டோனியோவிலே அந்த ஏற்பாடே கிடையாது. மன்றத்தில் ஒன்பது இடம். ஒன்பதுக்கும் ஊர் முழுதும் வாக்களிக்கவேண்டும். ஊர் முழுதும் சுற்றிப் பிரசாரம் செய்யப் பணம் வேண்டும். பணம் வடக்கே இருந்தது. 'நல்லாட்சிக் கழகம்' என்று அழகாகப் பெயர் சூட்டிக்கொண்ட ஓர் அமைப்பு, 1955 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், யார் நிற்பது என்பதைத் தானே முடிவு செய்து, பெரும்பாலான இடங்களைத் தானே அள்ளிக்கொண்டது. மெக்சிகோ வழியினர் சிலரையும் அது சேர்த்துக்கொண்டது, ஆனால், அவர்களைத் தேர்ந்தெடுத்தது கழகம், தெரு அல்ல. மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் மெக்சிகோ வழியினர். ஆனால் அவர்களுடைய தெருவுக்கென்று பேச ஒரு நாக்கு இல்லை.

மழை கேட்ட கேள்வி

நாக்கு இல்லாத தெருவுக்காக மழை பேசிற்று.

மேற்குப் பகுதி தாழ்ந்த பகுதி. மழை பெய்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். பாலம் இல்லாத ஓடைகளைக் கடந்து பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவேண்டும். ஆண்டுதோறும் இதே கதை. 1974இல் எர்னஸ்டோ கோர்டெஸ் என்னும் அவ்வூர் இளைஞர், தேவாலயம் தேவாலயமாக, வீடு வீடாகச் சென்று ஒரு கேள்வி கேட்டார்: "உங்களை வாட்டுவது எது?" பெரிய அரசியல் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். "சாக்கடை" என்றார்கள் தாய்மார்கள். "வெள்ளம்" என்றார்கள். "நடைபாதை இல்லை" என்றார்கள்.

சாக்கடைதானே என்று அலட்சியமாக எண்ணவில்லை அவர்கள். 'பொதுப்பணிக்காக ஒன்றுபட்ட சமுதாயங்கள்' என்னும் பொருள்படும் பெயரில் அமைப்புக் கண்டார்கள். 'காப்ஸ்' என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஏழைத் தாய்மார்களும் விமானப்படைத் தளத்துத் தொழிலாளர்களும் நகரசபை ஆவணங்களைப் புரட்டினார்கள். புரட்டியபோது என்ன கண்டார்கள்? தங்கள் பகுதியின் வடிகால் திட்டம் ஒன்று 1945ஆம் ஆண்டிலேயே தீட்டப்பட்டு, ஏட்டிலே உறங்கிக்கொண்டிருந்தது! 29 ஆண்டுகள் தண்ணீர் வீட்டுக்குள்ளே, திட்டம் பெட்டிக்குள்ளே.

1974 ஆகஸ்டிலே மீண்டும் வெள்ளம். நூற்றுக்கணக்கானோர் நகரசபைக்கே சென்றுவிட்டார்கள். கெஞ்சவில்லை, ஆவணத்தை எடுத்துக் காட்டி, "எங்கே எங்கள் வடிகால்?" என்று கேட்டார்கள். மேயரே திகைத்துப்போனார். அவ்வாண்டு நவம்பரிலேயே 4 கோடியே 68 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். வடிகால் வேலைகள் தொடங்கின. மூன்று பத்தாண்டு கிடந்த காரியம் மூன்று மாதத்திலே! அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே பிள்ளை அழவில்லை, கணக்குக் கேட்டது.

இன்னொரு காட்சியையும் சொல்லத்தான் வேண்டும். 1975இன் தொடக்கத்திலே, நகரத்துப் பெருந்தனக்காரர்கள் இவர்களோடு பேச மறுத்தபோது, காப்ஸ் அமைப்பினர் ஒரு பெரிய வங்கிக்கு வரிசையாகச் சென்றார்கள். டாலரைக் கொடுத்துச் சில்லறைக் காசு கேட்டார்கள். காசை வாங்கிக்கொண்டு, மறுபடி வரிசையில் நின்று டாலர் கேட்டார்கள்! பெரிய துணிக்கடை ஒன்றிலே சட்டை சட்டையாகப் போட்டுப் பார்த்தார்கள், வாங்கவில்லை. கல் வீசினார்களா? கடுஞ்சொல் பேசினார்களா? இல்லை. வாடிக்கையாளரின் உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்தது.

வார்டு வந்தது, வாய் வந்தது

வடிகால் வந்தால் போதுமா? அடுத்த வடிகாலுக்கும் இப்படி ஊர்வலம் போய்க்கொண்டே இருப்பதா? மன்றத்திலே ஆசனம் வேண்டும் என்று உணர்ந்தார்கள்.

அதே 1974இல், அதே ஊரிலே, வில்லி வெலாஸ்கெஸ் என்பவர் வாக்காளர் பதிவு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 'உன் வாக்கே உன் குரல்' என்பது அதன் முழக்கம். 1975இல் அமெரிக்கப் பாராளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தை விரிவாக்கிற்று. மொழிச் சிறுபான்மையினர் போதிய அளவில் வாழும் இடங்களில், தேர்தல் அறிவிப்பும் வாக்குச் சீட்டும் அவர்கள் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தேர்தல் முறையிலே மாற்றம் செய்தால், மத்திய அரசின் முன்னனுமதி பெறவேண்டும் என்றும் விதித்தது.

இந்தச் சட்டம் சான் அன்டோனியோவிலே எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். நகரசபை, 1972இல் வெள்ளையர் மிகுந்த புறநகர்ப் பகுதிகளை ஊரோடு சேர்த்துக்கொண்டது. ஊர் அகன்றது, மேற்குத் தெருவின் வாக்கு மெலிந்தது. 1976இல் மத்திய நீதித்துறை குறுக்கிட்டது. சேர்த்ததைக் கைவிடு, இல்லையேல் வார்டு முறையைக் கொண்டுவா! 1977 ஜனவரியிலே மக்கள் வாக்களித்து, குறுகிய வேறுபாட்டிலே வார்டு முறையை ஏற்றார்கள். பத்து வார்டு, பத்துக் கவுன்சிலர். மேயரை மட்டும் ஊர் முழுதும் தேர்ந்தெடுக்கும். அவ்வாண்டுத் தேர்தலிலே மெக்சிகோ வழியினர் ஐவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் மன்றத்திலே அமர்ந்தார்கள். 11 பேரில் 6 பேர்! 1981இல் ஹென்றி சிஸ்நெரோஸ் மேயரானார்.

அதன் பிறகுதான் 'வாய்ப்பு' என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. 1990இல் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். தெருவிலே நின்றவர்களுக்கு அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு அமர்ந்துவிடவில்லை. காப்ஸும் அதன் தோழமை அமைப்பும் முன்னின்று, நகரசபையையும் மாநில அரசையும் பணம் போடவைத்து, 'குவெஸ்ட்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலிலே கேட்டு, அதற்கே பயிற்சி தந்தார்கள். செவிலியர் வேலை அவற்றுள் ஒன்று. பயின்றவர்களின் ஊதியம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் உயர்ந்தே நின்றதை ஆய்வுகள் காட்டின. 2012இல் நாலு வயதுக் குழந்தைகளின் கல்விக்காகவும், 2020இல் தொழிற்பயிற்சிக்காகவும், டாலருக்கு எட்டில் ஒரு காசு விற்பனை வரி என்று அவ்வூர் மக்களே வாக்களித்து ஒதுக்கினார்கள். துண்டறிக்கைக்குப் பின்னாலே பணம் இருந்தது. பணத்துக்குப் பின்னாலே வாக்கு இருந்தது.

காவல் தேவை

இத்தோடு எல்லாம் இனிதே முடிந்ததா? முடிந்தது என்று சொன்னால் பொய் சொன்னவர்களாவோம்.

2020 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள் 14 லட்சத்து 34 ஆயிரம். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் லத்தீனோக்கள். எனினும் மேற்குப் பகுதி இன்றும் ஏழ்மை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. 2021, 2023 நகரசபைத் தேர்தல்களிலே பதிவு பெற்ற வாக்காளர் நூற்றுக்கு இருபது பேர்கூட வாக்களிக்க வரவில்லை. 139 ஆண்டு காத்துப் பெற்ற ஆசனம்! அதைத் தாங்கும் கால்கள் வாக்குகள் அல்லவா? கால் தேய்ந்தால் ஆசனம் நிற்குமா?

வெளியிலிருந்தும் காற்று மாறி வீசுகிறது. 1976இல் நகரசபையின் கையைப் பிடித்து நிறுத்திய அந்த முன்னனுமதி விதி, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்தது. 2025 மார்ச்சிலே ஆங்கிலமே ஆட்சிமொழி என்று குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்து, ஆங்கிலம் அறியாதார்க்கு மொழி உதவி தரவேண்டும் என்றிருந்த 2000ஆம் ஆண்டு ஆணையை நீக்கினார். வாக்குச் சீட்டு பற்றிய விதி சட்டமாக இருப்பதாலும், 2006இல் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டதாலும் தப்பி நிற்கிறது. ஆணையாகக் கிடைத்தது ஒரு கையெழுத்திலே போயிற்று. சட்டமாக வென்றது நிற்கிறது! இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆகவே, "மக்களை நாடி வருகிறோம்" என்று எந்த நகரசபை சொன்னாலும் வரவேற்போம். தண்ணீர்ப் பந்தல் வைத்தவரை வைய வேண்டியதில்லை. ஆனால், வந்தவரிடம் காப்ஸ் கூட்டங்களிலே கேட்பதுபோலக் கேட்கவேண்டும். அங்கே வேட்பாளர் மேடையேறினால் நீண்ட சொற்பொழிவுக்கு இடமில்லை. எங்கள் கோரிக்கையை ஏற்கிறீரா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ பதில். அதைக் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த தேர்தல்வரை மறப்பதில்லை.

துண்டறிக்கை நல்லது. அதை வாங்கிக்கொள்ளும் கை, வாக்குச் சீட்டையும் விடாமல் பற்றியிருக்கவேண்டும். சாக்கடை நீரிலே நின்றபடி சான் அன்டோனியோத் தாய்மார்கள் கற்ற பாடம் அது. கற்க விரும்பும் எந்த ஊருக்கும் உதவும்.