கொடுத்தவரையும் நலம் கேளுங்கள்

சிறுநீரக மாற்று அறுவை முடிந்ததும், உறவினர்களின் கேள்விகள் யாவும் பெற்றவரைப் பற்றியே எழும். சிறுநீர் பிரிந்ததா, கிரியாட்டினின் குறைந்ததா என்று விசாரிப்பர். உறுப்பை ஈந்தவரோ வேறோர் அறையில் வலியுடன் படுத்திருப்பார். நலமாக மருத்துவமனைக்கு வந்து, பிறர் பொருட்டுப் படுக்கையில் கிடப்பவர் அவர்.

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்ட் ஹெரிக், தம்முடன் இரட்டையராய்ப் பிறந்த ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் ஈந்தார். வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை அதுவே. முந்தைய இரவில், வீட்டுக்குத் திரும்பிவிடுமாறு ரிச்சர்ட் குறிப்பு அனுப்பினார். தாம் தங்கவே போவதாக ரொனால்ட் மறுமொழி எழுதினார். விலக வழியிருந்தும் தங்கியதாலேயே அது கொடையாயிற்று.

அந்த வழி நம் கொடையாளர்களுக்கும் உண்டு. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, கொடையாளரின் இசைவு மனமுவந்ததாக இருத்தல் வேண்டும். அறுவைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். நம் நாட்டில் உயிருடன் உறுப்பு ஈவோரில் பெண்களே மிகுதி. தாயோ மனைவியோ "சரி" என்று சொன்னால், அதன் பின்னே அச்சமோ வற்புறுத்தலோ உள்ளதா என அறிவது அவசியம். ஐயமிருப்பின், மனநல ஆலோசகரிடம் தனியே பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

கொடையாளர்களுள் பெரும்பாலோர் தம் முடிவை எண்ணி மனநிறைவே கொள்கின்றனர். எனினும் சிலருக்கு அறுவைக்குப் பின் சோர்வு, உறக்கமின்மை, வெறுமை ஆகியன தோன்றக்கூடும். ஒற்றைச் சிறுநீரகம் போதுமா என்ற கவலையும், வேலை, வருமானம் பற்றிய கவலையும் வாட்டலாம். எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்துக் கூடுதல் பணியை ஏற்றுக்கொள்ளும் என்பதை அறிந்தால் அச்சம் ஓரளவு தணியும்.

பொருத்திய உறுப்பு செயலிழந்தாலோ பெற்றவர் மறைந்தாலோ கொடையாளரின் துயரம் இரட்டிப்பாகும். ரிச்சர்டும் எட்டாண்டுகளுக்குப் பின் 1963இல் மறைந்தார். ரொனால்ட் 2010 வரை வாழ்ந்தார். உறுப்பின் தோல்வி கொடுத்தவரின் குற்றமன்று. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குடும்பத்தாரே, கொடையாளரின் ஆண்டுப் பரிசோதனையையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கொடையை நன்றிக்கடனாக்கி இருவரில் எவரையும் உறுத்தாதீர்கள். மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள். இன்று அவரருகே அமர்ந்து, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகச் செவிகொடுங்கள்.