ராணுவத்திற்குப் புதிய துப்பாக்கி: தேர்வு முதல் ஒப்பந்தம் வரை நடப்பது என்ன?

விழிஞ்ஞம்: 2021 மார்ச் மாதம், ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை அரபிக்கடலில் மறித்து, கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திற்குக் கொண்டுவந்தது. அதில் சுமார் 300 கிலோ ஹெராயினுடன் ஐந்து ஏ.கே.-47 துப்பாக்கிகளும் 1,000 தோட்டாக்களும் இருந்தன. கைப்பற்றப்பட்ட 9 மி.மீ. தோட்டாக்கள் ஏ.கே.-47இல் பொருந்தாதவை என்பது வேறு விஷயம்.

கடத்தல்காரர்களுக்கு எளிதில் கிடைக்கும் இந்தத் துப்பாக்கிக் குடும்பத்தின் புதிய வடிவமான ஏ.கே.-203, இந்தியப் படைவீரரின் கைக்கு முறைப்படி வந்து சேர நீண்ட காலம் பிடித்தது.

முதலில், எத்தகைய ஆயுதம் வேண்டும் என்பதை ராணுவத் தலைமையகம் தரத் தேவைகளாக வகுக்கிறது. அதன்பின் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சிலின் ஒப்புதல், நிறுவனங்களுக்கு அழைப்பு, பாலைவனத்திலும் பனிமலையிலும் சோதனை, விலைப் பேச்சு, இறுதி அனுமதி எனப் படிகள் நீள்கின்றன.

பெரும்பாலும் முதல் படியே இடறிவிடுகிறது. 1990களில் சேர்க்கப்பட்ட 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள் கார்கில் குளிரில் விரிசல் கண்டதாகப் புகார்கள் எழுந்தன. மாற்றுத் துப்பாக்கிக்கு 2011இல் ராணுவம் விதித்த நிபந்தனை, குழலை மாற்றி இருவகைத் தோட்டாக்களையும் சுட வேண்டும் என்பது. காகிதத்தில் கவர்ச்சியான யோசனைதான். களச் சோதனைகளில் எந்தத் துப்பாக்கியும் தேறவில்லை. 2015இல் அந்த டெண்டர் ரத்தானது. இஷாப்பூர் ஆலை உருவாக்கிய 7.62 மி.மீ. துப்பாக்கியும் 2017இல் நிராகரிக்கப்பட்டது.

இதற்கிடையே சிந்தனையும் மாறியது. எதிரியைக் காயப்படுத்தினால் அவரைத் தூக்கிச் செல்ல மேலும் இருவர் களத்தை விட்டு விலகுவர் என்பது சிறிய தோட்டாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். காயம்பட்ட பின்னும் சுட்டுக்கொண்டே இருக்கும் ஊடுருவல்காரரிடம் அக்கணக்கு செல்லாது. எனவே கனமான 7.62 மி.மீ. தோட்டாவை நோக்கி ராணுவம் திரும்பியது.

அவசரத் தேவைக்கு 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ‘சிக்-716’ துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. அடுத்த மாதமே உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில், ரஷ்யக் கூட்டுடன் ஏ.கே.-203 தயாரிக்கும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஆனால் விலை, தொழில்நுட்பப் பரிமாற்றம் குறித்த பேச்சுகள் இழுபறியாகி, 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பர் 6ஆம் தேதிதான் கையெழுத்தானது. மதிப்பு 5,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

சிக்-716, ஏ.கே.-203 இரண்டும் 7.62 மி.மீ. வகை எனினும், முன்னதன் தோட்டா 51 மி.மீ. நீள உறையும் பின்னதன் தோட்டா 39 மி.மீ. உறையும் கொண்டவை. ஒன்றினுடையது மற்றொன்றில் சேராது. இன்சாஸ் முழுமையாக விலகும்வரை, மூன்று வகைத் தோட்டாக்களையும் பிரித்து முன்னணி நிலைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ராணுவ விநியோகப் பிரிவுகளுக்கு உண்டு.